இறக்கை சேரும் இடம்

போன வருஷம் காலாண்டு லீவுக்கு அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். அந்த வாரம்தான் சண்டிகரில் மிக்-21 விமானத்துக்கு வழியனுப்பு விழா. 1963-இல் நம் விமானப்படைக்கு வந்தது, 2025 செப்டம்பர் 26 அன்று ஓய்வு பெற்றது. டிவியில் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, உங்ககிட்ட மிக் இருக்கா?" என்று கேட்டான். இருந்தது. எழுநூறு ரூபாய்க்கு வாங்கி நாலு வருஷமாகப் பீரோ மேல் கிடந்த கிட், பாகம் பாகமாக ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் விமான மாடல். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பன்னிரண்டு வயசுப் பயல், முதல் கிட், கெட்டாலும் எழுநூறோடு போகும் என்று கணக்குப் போட்டு எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பெட்டியை மூடி, ரப்பர் பேண்ட் போட்டு, என் மேஜையில் வைத்துவிட்டான். "எனக்கு இது வரமாட்டேங்கு மாமா."

"பழகப் பழக வரும்லே" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மிச்ச லீவை செல்போனில் கழித்துவிட்டுக் கல்லிடைக்குறிச்சிக்கு ரயிலேறிவிட்டான்.

அவன் போன பிறகுதான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டியிருந்தான். மூக்கைச் சேர்த்தால் வால் ஒரு நூல் ஏறி நின்றது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஓர் இடுக்கு. பர்ஸிலிருந்து ஏடிஎம் கார்டை எடுத்து நுழைத்தேன், தாராளமாக நுழைந்தது. அந்தக் கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர். கிட்டின் அளவு 1/72, அதாவது நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. 72-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஐந்தரை சென்டிமீட்டர். நிஜ விமானத்தில் இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே கையை விட்டு எடுக்கலாம் என்று அர்த்தம். பயல் அந்த இடுக்கை மூடப் பசையை ஊற்றி ஊற்றிப் பார்த்திருக்கிறான். பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து, இடது இறக்கையின் மேல் அவனுடைய பெருவிரல் ரேகை சுழி சுழியாக, ஆதார் மெஷின் தோற்றுப்போகும் அளவுக்கு, பதிந்திருந்தது.

நானாக இருந்தாலும் பன்னிரண்டு வயசில் ரப்பர் பேண்ட்தான் போட்டிருப்பேன்.

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு மந்திரம் போலச் சொல்வது: "முதல்ல விலை குறைஞ்சதை வாங்குங்க, கை பழகட்டும், அப்புறம் நல்லதுக்குப் போகலாம்." நானே பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன். இப்போது அது தலைகீழான யோசனை என்று தோன்றுகிறது. பெட்டியில் எவ்வளவு குறை இருக்கிறதோ அவ்வளவு திறமை அதைச் செய்கிறவனிடம் இருக்க வேண்டும். அந்தத் திறமை இல்லாதவன் கையில் போய்க் குறை உள்ள பெட்டியைக் கொடுத்தால் என்ன ஆகும்?

சரி, குறை எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் பல் லேப் வைத்திருக்கிறேன். பகலில் பல் செட், ராத்திரி விமானம். இரண்டும் ஒரே வேலைதானே என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் உண்மை இருக்கிறது. பல் செட் வார்க்க ஃபிளாஸ்க் என்று ஓர் உலோகப் பெட்டி உண்டு. இரண்டு பாதி. நடுவில் அக்ரிலிக் மாவை வைத்துப் பிரஸ்ஸில் இறுக்குவோம். பாதிகள் சரியாக வாய் மூடாவிட்டால் மாவு விளிம்பில் பிதுங்கி, தோசை ஓரம் மாதிரி மெல்லிசாக நிற்கும். அதற்கு ஃபிளாஷ் என்று பெயர். விமான கிட்டிலும் அதற்கு ஃபிளாஷ் என்றுதான் பெயர், காரணமும் அதேதான். எஃகில் குடைந்த அச்சின் இரண்டு பாதிகளுக்கு நடுவே உருகிய பாலிஸ்டைரீனை அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். ஆறியதும் சட்டத்தோடு சேர்ந்த பாகங்களாக வெளியே வருகிறது. அந்தச் சட்டத்தை ஸ்ப்ரூ என்கிறோம். அச்சு பழசாகி விளிம்பு தேய்ந்தால் ஃபிளாஷ் வரும். பிளாஸ்டிக் கனமாக இருக்கும் இடம் ஆறும்போது உள்வாங்கினால் குழி விழும். அச்சிலிருந்து தள்ளிவிடும் ஊசிகள் வட்ட வட்டமாகத் தழும்பு வைக்கும். அந்தத் தழும்பைக் கண்ணில் படாத பக்கத்தில் வைக்கலாம், விமானி இருக்கைக்குப் பின்னாலேயும் வைக்கலாம். எங்கே வைப்பது என்று உட்கார்ந்து யோசிக்கிற ஆளுக்குச் சம்பளம் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

எழுநூறு ரூபாய்ப் பெட்டியிலும் நாலாயிரம் ரூபாய்ப் பெட்டியிலும் இருப்பது அதே பாலிஸ்டைரீன். பத்தமடைக்குப் போய்ப் பாய் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கோரை ஒன்றுதான், ஊறுவதும் ஒரே ஆற்றுத் தண்ணீரில்தான். கோரையை எவ்வளவு நுணுக்கமாகக் கீறி, எத்தனை நெருக்கமாக நெய்கிறார்கள் என்பதில்தான் சாதாப் பாயும் பட்டுப் பாயும் பிரிகின்றன. சாதாப் பாயில் படுத்தால் முதுகில் வரி வரியாக விழும். பட்டுப் பாயை மடித்துத் துணி போலக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

என்னிடம் இருந்த பட்டுப் பாய், தமியாவின் 1/48 ஸ்பிட்ஃபயர் மார்க் 1, இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் சண்டை விமானம். 2018-இல் புதிதாக அச்சு வெட்டி வெளியிட்டது. தமியா ஜப்பானில் ஷிசுவோக்காக்காரர்கள். 1946-இல் மர வியாபாரமாக ஆரம்பித்து, மர மாடல்களுக்கு வந்து, 1960-இல்தான் பிளாஸ்டிக்கில் கால் வைத்தார்கள். அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான் செய்கிறவர்களில் யாராவது ஒருத்தர் அந்தக் காலத்தில் ஒரு வார்ப்பு மெஷின் வாங்கியிருந்தால் என்று நான் சில சமயம் நினைப்பதுண்டு. அது கிடக்கட்டும். அந்த ஸ்பிட்ஃபயரை வாங்கிப் பதினாலு மாதம் பெட்டியைத் தொடவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்த சாமானில் முதல் வெட்டு வெட்டக் கை வரவில்லை. விலை உயர்ந்த கிட்டில் யாரும் சொல்லாத ஒரு குறை இதுதான், அது பயமுறுத்தும். மலிவுப் பெட்டியை வாங்கிய அன்றைக்கு ராத்திரியே பிரித்துவிடுவோம்.

ஒருநாள் கரண்ட் இல்லாத சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து, பசை இல்லாமல் உடலையும் இறக்கையையும் சேர்த்துப் பார்த்தேன். இறக்கை 'டக்' என்று போய் உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்தேன், விழவில்லை. ஏடிஎம் கார்டு என்ன, சிகரெட் தாள்கூட நுழையாது. அதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. ஸ்பிட்ஃபயரின் இறக்கை உடலைத் தொடும் இடத்தில் வளைந்து ஏறும் ஒரு தகடு உண்டு. நிஜ விமானத்தில் தகடும் தகடும் சேர்கிற கோடு எங்கே ஓடுகிறதோ, கிட்டில் பாகமும் பாகமும் சேர்கிற கோட்டையும் அங்கேயே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அதனால் இணைப்பை மறைக்கவே வேண்டாம். அது இருக்க வேண்டிய கோடு. பல் கிரீடத்தின் விளிம்பை ஈறுக்குக் கீழே மறைக்கிற எங்கள் தொழில் தந்திரம்தான். அந்த நாலாயிரத்தில் பெரும்பகுதி இந்த யோசனைக்குத்தான் போகிறது என்று எனக்குப் பட்டது.

ஒன்பது ராத்திரியில் முடித்தேன். அழகாக வந்தது. இறக்கை நுனிக்கு நுனி 23 சென்டிமீட்டர் சொச்சம், கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எனக்கு அதன் மேல் பெரிய ஒட்டுதல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஷிசுவோக்காவில் யாரோ ஒரு என்ஜினீயர் முடித்துவைத்த வேலைக்கு நான் பெயிண்ட் அடித்த மாதிரி இருந்தது. இது நன்றி கெட்ட பேச்சு என்பது தெரியும்.

விலையைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கே நாம் கொடுப்பதில் கிட்டுக்கு எவ்வளவு, சுங்கத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் வயிறு எரியும். சுங்க அட்டவணையில் அளவு மாடல்களும் குழந்தைப் பொம்மைகளும் ஒரே தலைப்பில்தான் வருகின்றன. பொம்மைக்கான அடிப்படை வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. உள்ளூர்ப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்றுவதற்கு என்றார்கள். நம் ஊரில் ஸ்பிட்ஃபயர் வார்க்கிற கம்பெனி எது என்று எனக்குத் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், சில வருஷங்கள் ஏர்ஃபிக்ஸ் என்கிற இங்கிலாந்துக் கம்பெனியின் கிட் பெட்டிகளில் 'மேட் இன் இந்தியா' என்றே அச்சிட்டிருந்தது. இந்தியாவில் வார்த்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 1953-இல் அதே ஏர்ஃபிக்ஸ் தன் முதல் ஸ்பிட்ஃபயரை இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது, அங்கத்திப் பையன்கள் கைச்செலவுக் காசில் வாங்கட்டும் என்று. நம் பிள்ளைகளின் கைச்செலவுக் காசில் பசைப் பாட்டில்கூட வராது.

மலிவு என்று நினைத்து வாங்குவதும் அப்படியொன்றும் மலிவாக முடிவதில்லை. இடுக்கை அடைக்கப் பட்டி மாவு, தேய்க்க நாலு தரத்தில் எமரித் தாள், மூக்குச் சக்கரம் உள்ள விமானமானால் வால் தரையில் உட்காராமல் இருக்க மூக்குக்குள் திணிக்கத் தூண்டில் ஈயம். டீகேல், அதாவது தண்ணீரில் ஊறவைத்து விமானத்தின் மேல் ஒட்டுகிற சின்னங்கள், மஞ்சளித்துப் போயிருக்கும்; அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயிலில் வைத்தால் வெளுக்கும். இதில் மட்டும் திருநெல்வேலிக்காரனுக்கு லாபம், சித்திரை வெயிலில் எனக்கு நாலே நாளில் வெளுத்தது. டீகேலை ஊறவைக்கப் போர்வெல் தண்ணீர் எடுத்தால் காய்ந்த பிறகு உப்பு வெள்ளையாகப் பூக்கும். நான் ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயில்தான் பிடிப்பது.

விலையைப் பார்த்துத் தரத்தைச் சொல்லவும் முடியாது. பெட்டி மேலே போட்டிருக்கிற படத்துக்கும் வருஷத்துக்கும் உள்ளே இருக்கிற அச்சின் வயசுக்கும் சம்பந்தமே இருக்காது. ஐம்பது வருஷத்துக்கு முந்திய அச்சில் வார்த்ததைப் பளபளவென்று புதுப் பெட்டியில் போட்டு விற்பார்கள். மேட்ச்பாக்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. அதன் பழைய அச்சுகளில் வந்தவை பின்னால் ரெவெல் பெட்டியில் வந்தன. அதே ரெவெல், இன்னொரு கம்பெனியின் நல்ல அச்சை வாங்கித் தன் பெட்டியில் குறைந்த விலைக்கும் கொடுக்கும். செக் நாட்டு எட்வர்ட் இன்னும் வெளிப்படை. ஒரே பிளாஸ்டிக்கை 'புரோஃபிபேக்' என்று பித்தளைத் தகட்டுப் பாகங்கள், மறைப்புத் தாள், நாலைந்து விமானங்களுக்கான டீகேல் எல்லாம் போட்டு ஒரு விலைக்கும், 'வீக்கெண்ட்' என்று பித்தளை இல்லாமல் இன்னொரு விலைக்கும் விற்கிறார்கள். தாலியைக் கழற்றி வைத்துவிட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது போல என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். உவமை சரியில்லை, ஆனால் அந்த வீக்கெண்ட் பெட்டிதான் என் கணக்கில் நம்மைப் போன்றவர்களுக்கு உகந்தது. அந்தப் பித்தளைத் துணுக்குகளில் பாதி காக்பிட்டுக்குள் போய்விடும். மேல் கண்ணாடியை ஒட்டிய பிறகு அதைப் பார்க்க எங்கள் லேப் வாய்க்கண்ணாடியால்தான் முடியும். ஆக, வாங்குவதற்கு முன் அச்சு எந்த வருஷத்தது என்று தேடிப் பாருங்கள். விலையைப் பிறகு பாருங்கள்.

காசு எவ்வளவு கொடுத்தாலும் வாங்க முடியாதது ஒன்று உண்டு. எங்கள் தெருவில் மாடி வீட்டு அண்ணாச்சி விமானப்படையில் ஏர்ஃப்ரேம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேட் விமானத்தில் கை வைத்து வேலை செய்தவர் என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. 1965 சண்டையில் பெயர் வாங்கிய குட்டி விமானம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல்ஜித் சிங் செக்கோன் ஏறிப் போய்த் தனியாகச் சண்டை போட்டு உயிர் விட்டதும் நேட்டில்தான். விமானப்படையில் பரம்வீர் சக்ரா வாங்கியவர் அவர் ஒருவரே. அண்ணாச்சிக்குக் காட்டவென்றே ஏர்ஃபிக்ஸ் 1/72 நேட் ஒன்று வாங்கி, பெட்டி மேலே இருந்த ரெட் ஆரோஸ் என்கிற பிரிட்டிஷ் சாகசக் குழுவின் சிவப்பை விட்டுவிட்டு, வெள்ளி அடித்து, காவி வெள்ளை பச்சை வட்டத்தை வேறொரு தாளிலிருந்து எடுத்து ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க தம்பி. ஆனா இதுல ரெண்டு சீட்டுல்லா இருக்கு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. பிரிட்டிஷ்காரர்கள் வைத்திருந்தது பயிற்சிக்கான இருவர் நேட். நம்முடையது ஒற்றை ஆள் சண்டை விமானம். உடலும் சின்னது, இறக்கையும் சின்னது. ரெட் ஆரோஸ் என்று பெட்டி மேலேயே எழுதியிருந்தது, பார்க்காதது என் தப்பு. ஒரு மாசம் தேய்த்த தேய்ப்பில் அந்த இரண்டாவது இருக்கை எனக்கு ஒருநாளும் உறுத்தவில்லை.

"வெளிநாட்டுப் பிள்ளைக்கு நம்ம சட்டையைப் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்று சிரித்தார். அப்புறம் இறக்கை சேரும் இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, "இந்த இடம் மட்டும் சுத்தம்" என்றார். ஒற்றை இருக்கைக் கிட்டைத் தேடித்தான் இப்போது அலைந்துகொண்டிருக்கிறேன். கிடைத்தால் எந்த விலைப் பெட்டி என்று பார்க்கப் போவதில்லை.

அக்கா மகனுக்கு வருகிறேன். இந்த வருஷம் முழுப் பரீட்சை லீவுக்கு அவன் வந்தபோது மன்னிப்புக் கேட்கிற மாதிரி தமியாவின் 1/72 ஜீரோவை எடுத்து வைத்தேன். ஜப்பான்காரன் விமானம் என்றதும் முகம் கொஞ்சம் சுருங்கியது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான்காரர்கள் கொழும்பைத் தாக்கினார்கள். அந்த விமானங்களுக்குக் காவலாக வந்தது இதன் அண்ணன்தான், முந்திய மாடல் என்று சொன்னேன். நமக்குச் சென்னையைவிடக் கொழும்பு கிட்ட என்று மேப்பில் காட்டியதும் உட்கார்ந்துவிட்டான்.

நான் பக்கத்தில் பல் செட் ஒன்றுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். ஒரே ஒரு தடவை மட்டும் பேசினேன், பசையை ஊற்றாதே, இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரஷ் நுனியால் இணைப்பைத் தொடு, அது தானே உள்ளே ஓடும் என்று. தொட்டான். ஓடியது. அந்த மெல்லிய ஈரக் கோடு இணைப்பு முழுக்க ஓடி முடிகிறவரை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது நாள் ஜீரோ சக்கரத்தில் நின்றது. பச்சை பிரஷ்ஷில் அடித்தது, கோடு கோடாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெயிண்ட் தெரியாமல் தப்புச் செய்தான், அவ்வளவுதான். போன தடவை எது தன் தப்பு, எது பெட்டியின் தப்பு என்று தெரியாமல் முழித்தான்.

இப்போது ஆடி. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று தெருப் புழுதியை அள்ளிக்கொண்டு எங்கள் மொட்டை மாடி வரை வருகிறது. இந்த மாசத்தில் ஈரப் பெயிண்டை வெளியே வைத்தால் எமரித் தாளாகத்தான் திரும்பி வரும், நாலாயிரம் ரூபாய்க் கிட்டானாலும் சரி. போன ஞாயிற்றுக்கிழமை பயல் வந்தான், நேரே பீரோ மேல் கையை நீட்டினான்.

"மாமா, அந்த மிக் இருக்கா?"

ரப்பர் பேண்ட் இற்றுப்போய், தொட்டதும் அறுந்தது. அவனே பாகங்களைப் பிரித்து வைத்து, இறக்கையை உடலில் பொருத்திப் பார்த்தான். இடுக்கைப் பார்த்தான். ஜீரோவில் அந்த இடம் எப்படி இருந்தது என்று இப்போது அவன் கைக்குத் தெரியும்.

"இங்க ஒரு துண்டு பிளாஸ்டிக் வச்சா என்ன மாமா?"

ஸ்ப்ரூச் சட்டத்திலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தேன். தேய்த்துத் தேய்த்து மெலிசாக்கி, இடுக்கில் சொருகி, பிரஷ் நுனியால் தொட்டான். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தியிருந்ததில் இரண்டு பேருக்கும் வேர்த்து வடிந்தது. வலது பக்கம் முடிந்து இடது இறக்கைக்கு வந்தபோது அந்தப் பெருவிரல் ரேகையில் நின்றான். தன் விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தான். விரல் கொஞ்சம் பெரிசாகிவிட்டிருந்தது.

"இதையும் தேச்சிரவா?"

"உன் இஷ்டம்லே" என்றேன். நானூறு நம்பர் எமரித் தாளை எடுத்தான், கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தான்.